பழைய புல்வெட்டியின் சைலன்சரை மாற்றுவது: போல்ட் உடையாமல், மரை போகாமல்

புதிய சைலன்சரை மாட்டப் பத்து நிமிடம் போதும். பழையதைக் கழற்றத்தான் மூன்று நாள். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் இன்னும் ஒரு போல்ட்டைக்கூட எஞ்சினுக்குள் உடைத்துப் பார்க்காதவர்கள். நான் உடைத்திருக்கிறேன். இருட்டுவதற்குள் முடித்துவிடலாம் என்று ஸ்பேனரைப் போட்டு ஒரே அழுத்து. போல்ட் லேசாக இளகியது. கழண்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இளகியது மரை இல்லை, போல்ட்டின் கழுத்து. அடுத்த கால் சுற்றில் தலை மட்டும் ஸ்பேனரோடு வந்துவிட்டது, மிச்சம் உள்ளேயே நின்றுவிட்டது. அதை எடுக்க ஒரு வாரம் ஆனது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் மிக நீளமான பகுதி கழற்றுவதைப் பற்றியே இருக்கும்.

இங்கே சொல்வது ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிரும் பெட்ரோல் எஞ்சின்களுக்கு: புல்வெட்டி, சிறு டில்லர், பழைய தோட்ட பம்ப்செட் எல்லாம் இதில் அடங்கும். 4-ஸ்ட்ரோக் எஞ்சினை மனதில் வைத்து எழுதுகிறேன். 2-ஸ்ட்ரோக்கில் மாறுகிற இடத்தை அங்கங்கே சொல்கிறேன். பாகங்களின் பட்டியலில் தேடும்போது சைலன்சர் என்று கிடைக்காவிட்டால் மஃப்ளர் என்று தேடுங்கள். இரண்டும் ஒன்றுதான்.

கோளாறு சைலன்சரில்தானா?

சத்தம் கூடிவிட்டது என்றதும் புதிது வாங்க ஓட வேண்டாம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு சைலன்சரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் போல்ட் தளர்ந்திருக்கிறது. இறுக்கினாலே பாதி நேரம் சரியாகிவிடும். ஆடாமல், உள்ளே மட்டும் உண்டியலில் சில்லறை குலுங்குவது போலச் சத்தம் வந்தால் உள்தகடுகள் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன. அதற்கு மருந்து கிடையாது. சைலன்சர் எஞ்சினோடு சேரும் இடத்தில் விசிறி விரித்தாற்போல் கரித்தடம் தெரிந்தால் கேஸ்கட் (இரண்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் மெல்லிய தகடு) வழியாகப் புகை கசிகிறது என்று அர்த்தம்.

துரு ஏன் இவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் நல்ல சூட்டில் ஓடும்போது அது ஆவியாக வெளியே போய்விடும். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் போகாது. சூடேறாத மூலைகளில் குளிர்ந்து நீராகத் தேங்கும். அதனால்தான் பல சைலன்சர்கள் மழையில் நனையாமலே, அடிப்பக்கத்திலிருந்து ஓட்டையாகின்றன. மேலே பெயின்ட் புதுசு போல இருக்கும், விரலால் தடவினால் அடித்தகடு பொரியும்.

துருவே இல்லாமல் தகட்டு மடிப்பு பிளந்திருந்தால் கதை வேறு. எரியாத பெட்ரோல் ஆவி சைலன்சருக்குள் போய் அங்கே ‘டப்’ என்று வெடித்திருக்கிறது. முழு வேகத்தில் ஓடுகிற எஞ்சினைச் சட்டென்று அணைப்பது, கார்புரேட்டர் தேவைக்கு மேல் பெட்ரோல் விடுவது, எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடாதது, ஃபிளைவீலை (எஞ்சினோடு சுற்றும் கனச் சக்கரம்) இடம் மாறாமல் பிடிக்கும் சாவி பாதி வெட்டுப்பட்டுத் தீப்பொறியின் நேரம் தவறுவது என்று காரணம் நாலைந்து உண்டு. அதைச் சரிசெய்யாமல் புதிய சைலன்சர் போட்டால் அதுவும் பிளக்கும்.

சிலர் சைலன்சரே இல்லாமல் ஓட்டுவார்கள், வலு கூடுகிறதாம். வலு கூடியது போலக் காதுக்குத்தான் தெரியும். எஞ்சினின் வேகத்தைக் கவர்னர் ஒரு வரம்புக்குள் பிடித்து வைத்திருக்கிறது. நெருப்பு நாக்கு மட்டும் பெட்ரோல் டேங்கின் பக்கத்தில் நீட்டும். 2-ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் வடிவமே எஞ்சினின் ஓட்டத்தோடு பின்னியது. அதைக் கழற்றி எறிந்தால் ஓட்டமே கெடும்.

அளவு எடுக்கும்போது ஏமாற்றும் மூன்று எண்கள்

முதலில் எஞ்சினின் எண்ணைத் தேடுங்கள், புல்வெட்டியின் எண்ணை அல்ல. வண்டி ஒரு நிறுவனத்தினுடையதாக இருக்கும், எஞ்சின் வேறொருவருடையதாக இருக்கும். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்களில் மேல்மூடியின் தகரத்திலேயே மாடல், டைப், கோடு (code) என்று மூன்று எண்கள் அடித்திருக்கும். கோடு எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள். 820512 என்று தொடங்கினால் 1982 மே 12 அன்று செய்த எஞ்சின். அழுக்கு மூடியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள், சுரண்டாதீர்கள். மெல்லிய எண்கள் அழிந்துவிடும்.

அடுத்து, எப்படி மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். தட்டையான விளிம்போடு இரண்டு போல்ட்டில் உட்காரும் ஃபிளாஞ்ச் வகை ஒன்று. குழாய் மரையால் நேரே எஞ்சினுக்குள் திருகி ஏற்றும் வகை இன்னொன்று. மிகப் பழைய எஞ்சின்களில் இதுதான் அதிகம். ஃபிளாஞ்ச் என்றால் இரண்டு போல்ட் துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரத்தையும், நடுத் துளையின் விட்டத்தையும், புகை எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குழாய் மரையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அரை அங்குலக் குழாய் மரை என்று பெயர் பெற்றதை வெளிப்பக்கம் அளந்தால் அரை அங்குலம் வராது, 21.3 மி.மீ. வரும். முக்கால் அங்குலத்துக்கு 26.7 மி.மீ. ஒருவர் ஸ்கேலை வைத்து 21 மி.மீ. என்று பார்த்து, அது முக்கால் அங்குலத்துக்கு மேல் இருக்கிறதே என்று முக்கால் அங்குல சைலன்சரை வாங்கிவிடுவார். அது வாயிலேயே நுழையாது.

இரண்டாவது ஏமாற்று எண் போல்ட்டில். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ. கண்ணுக்கு அது 8 மி.மீ. எம்8 போல்ட்தான். ஆனால் மரையின் இடைவெளி வேறு: எம்8-க்கு 1.25 மி.மீ., அதற்கு 1.41 மி.மீ. இரண்டு மூன்று சுற்று சமர்த்தாக ஏறி, பிறகு இறுகும். ‘துரு போல’ என்று அழுத்தினால் அலுமினிய மரை போய்விடும். பழைய போல்ட்டையும் புதியதையும் பக்கவாட்டில் ஒட்டி வெளிச்சத்தில் பிடியுங்கள். மரைகள் ஒன்றுக்குள் ஒன்று படிந்து நடுவில் வெளிச்சம் தெரியாவிட்டால் ஒரே அளவு.

மூன்றாவது, அதே போல்ட்டின் தலை. அது 12.7 மி.மீ. 13 மி.மீ. ஸ்பேனர் அதில் உட்காரும், ஆனால் லேசாக ஆடும். துருப்பிடித்த தலைக்கு அந்த ஆட்டமே போதும், முனைகள் மழுங்கிவிடும். அரை அங்குல பாக்ஸ் ஸ்பேனரைப் போடுங்கள், அதுவும் ஆறு முனை உள்ளதாக. பன்னிரண்டு முனை பாக்ஸ் துருப்பிடித்த தலைக்கு எமன்.

வாங்கும்போது கேஸ்கட், லாக் தகடு (போல்ட் தலையோடு மடக்கி, அது கழலாமல் பூட்டும் தகடு), புதிய போல்ட் மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள். பழையதை மறுபடி போட்டுச் சிக்கனம் பிடிக்க இது இடமில்லை.

கை வைக்கும் முன்

வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றி, தானாகத் திரும்பி வந்து தொடாதபடி தள்ளிக் கட்டுங்கள். கயிறை இழுத்து எஞ்சினைச் சுற்ற வேண்டியிருக்கும். அடியில் பிளேடும் கூடவே சுற்றும் என்பதை மறக்க வேண்டாம். பெட்ரோலை முழுவதும் வடித்துவிடுங்கள். டேங்க் சைலன்சருக்குப் பக்கத்திலேயே இருந்தால் அதையும் கழற்றித் தூரமாக வையுங்கள். வண்டியைச் சாய்க்க வேண்டுமானால் கார்புரேட்டர் மேல்பக்கம் இருக்கும்படி சாயுங்கள். மறுபக்கம் சாய்த்தால் ஏர் ஃபில்டர் ஆயில் குடித்துவிடும்.

சைலன்சர் எடுத்ததும் எஞ்சினின் வாய் திறந்து நிற்கும். துரு, கரி எல்லாம் உள்ளே விழும். அதனால் வால்வுகள் மூடிய நிலையில் எஞ்சினை நிறுத்திக்கொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் மூடி, கயிறை மெதுவாக இழுங்கள். விரலைக் காற்று வெளியே தள்ளினால் பிஸ்டன் அமுக்கு ஓட்டத்தில் மேலே வருகிறது. மேல் உச்சத்தில் நிறுத்திவிடுங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும். 2-ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது. பிஸ்டனே அந்த வாயை மறைத்து நிற்கும்படி வையுங்கள்.

கழற்றுவது

வெப்பம் தடுக்கும் வெளிக்கூடு இருந்தால் அதன் சிறு திருகுகளை முதலில் எடுங்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், திரும்ப மாட்ட வேண்டும். போல்ட் தலைகளைச் சுற்றி லாக் தகட்டின் காதுகள் மடங்கி நிற்கும். பழைய மெல்லிய உளியால் அவற்றை நிமிர்த்துங்கள். பலரும் இந்தக் காதைக் கவனிக்காமல் போல்ட்டோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

இப்போது கம்பி பிரஷ். போல்ட்டின் தலையையும் அதன் அடியையும் பளிச்சென்று தேயுங்கள். பெனட்ரேட்டிங் ஆயிலை (துருவுக்குள் ஊறி இறங்கும் மெல்லிய ஆயில்) ஆறிய உலோகத்தில் மட்டும் விடுங்கள். சூடான சைலன்சரில் அடித்தால் தீப்பிடிக்கும். போல்ட்டின் மறுமுனை பின்பக்கம் வெளியே தெரிந்தால் அங்கேயும் விடுங்கள், அங்கிருந்துதான் நன்றாக இறங்கும். பிறகு சிறு சுத்தியலால் தலையின் நடுவில் நேராக, ‘டிக் டிக்’ என்று இருபது முப்பது தட்டு. ஓங்கி அடிக்க வேண்டாம். அந்த அதிர்வில் துருவில் முடிபோன்ற விரிசல் விழும், ஆயில் அதற்குள் ஊறும். சரி, இன்றைக்கு இவ்வளவுதான். ஸ்பேனரைத் தொடாமல் போய்விடுங்கள். நாளை காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் இதையே செய்யுங்கள்.

மூன்றாம் நாள் பாக்ஸை முழுதாக உட்காரவைத்து, முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு அழுத்துங்கள். துருவின் பிடி விட்டால் ‘கிரிக்’ என்று ஒரு சிறு சத்தம் கேட்கும். அதன் பிறகு இடப்பக்கம். எட்டில் ஒரு சுற்று வந்ததா, திரும்ப உள்ளே ஓட்டுங்கள், ஒரு சொட்டு ஆயில், மறுபடி வெளியே. இப்படியே முன்னும் பின்னும். கையில் தெரியும் எதிர்ப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். கழல்கிற போல்ட் கரகரவென்று, விட்டு விட்டு வரும். உடையப் போகிற போல்ட் சத்தமில்லாமல் ரப்பர் போலத் திரும்பும். அழுத்தத்தை எடுத்தால் லேசாகத் திரும்பிப் போகும். அந்த ரப்பர் உணர்வு வந்ததும் நிறுத்திவிடுங்கள். என் கை முதல் முறை கவனிக்கத் தவறியது இதைத்தான்.

நிறுத்திய பிறகு சூடு. பெரும்பாலான சிறு எஞ்சின்களின் உடல் அலுமினியம், போல்ட் எஃகு. ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 23 மைக்ரான் நீளும். எஃகு சுமார் 12 மைக்ரான்தான். ஆகவே சூடேறினால் போல்ட்டைவிடத் துளை அதிகம் அகலும், பிடி தளரும். ஹீட் கன்னால் போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கி, வெப்பம் மாறும் முன் கையுறையோடு திருப்புங்கள். சூடான தலையடியில் ஒரு மெழுகுவத்தியைத் தொட்டால் மெழுகு உருகித் தானே மரைக்குள் உறிஞ்சப்படும். ஆயில் போகாத இடத்துக்கும் போகும். வார்ப்பிரும்பு எஞ்சின் என்றால் இந்த விரிவின் வித்தியாசம் கிடைக்காது, ஆனாலும் சூடும் ஆறலும் துருவைத் தளர்த்தும். காஸ் டார்ச்சை நான் தொடுவதில்லை. அலுமினியம் சிவக்காமலே சுமார் 660 டிகிரியில் உருகிவிடும். எச்சரிக்கையே கிடைக்காது.

திருகி ஏற்றும் வகையில் சைலன்சருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பள்ளங்கள் வெட்டிய ஒரு வளையம் இருக்கக்கூடும். அதுதான் பூட்டு. பஞ்சை ஒரு பள்ளத்தில் வைத்து இடப்பக்கமாகத் தட்டி அதை முதலில் தளர்த்துங்கள். பைப் ரிஞ்சை சைலன்சரின் வயிற்றில் போடாதீர்கள். தகரம் நசுங்கிச் சுருண்டு, குழாய் மட்டும் உள்ளே நின்றுவிடும். எஞ்சினுக்கு மிக அருகே, குழாயின் கழுத்தில் பிடியுங்கள். வயிறு ஏற்கெனவே இற்றுப் போயிருந்தால் ஹேக்ஸாவால் அதை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய குழாயைப் பிடிப்பது எளிது.

குழாய் உள்ளேயே முறிந்துவிட்டால் பதறாதீர்கள். ஹேக்ஸா பிளேடை மட்டும் கையில் துணி சுற்றிப் பிடித்து, குழாயின் உட்பக்கம் நீளவாக்கில் ஒரு வெட்டு போடுங்கள். எஞ்சினின் மரையைத் தொடுவதற்கு முன் நிறுத்த வேண்டும். அரை அங்குலம் தள்ளி இன்னொரு வெட்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ள துண்டைச் சிறு உளியால் உள்ளே மடக்கினால் மொத்தக் குழாயும் சுருங்கித் தளர்ந்துவிடும். எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது, மரைக்கு ஒரு கீறல் இல்லை.

போல்ட் உடைந்தேவிட்டால்

வெளியே கொஞ்சமாவது நீட்டிக்கொண்டிருந்தால் நல்ல காலம். அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்பச் சொல்லுங்கள். வெல்டிங் சூடே துருவைப் பிளக்கும், நட்டைப் பிடித்துத் திருப்பிவிடலாம். வண்டியில் துளி பெட்ரோலோ டேங்கோ இல்லாமல் கொண்டுபோக வேண்டும்.

மட்டமாக உடைந்தால் அரத்தால் முகத்தைச் சமமாக்கி, நட்டநடு மையத்தில் சென்டர் பஞ்ச் அடியுங்கள். இதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. மையம் ஒரு மி.மீ. விலகினால் டிரில் மென்மையான அலுமினியத்துக்குள் நழுவி ஓடிவிடும். இடமரை டிரில் பிட் கிடைத்தால் அதையே போடுங்கள். துளைக்கும்போதே போல்ட்டைக் கழற்றும் பக்கம் இழுப்பதால் பல நேரம் துண்டு தானே சுற்றி வெளியே வந்துவிடும். துருப்பிடித்த போல்ட்டில் மெல்லிய எக்ஸ்ட்ராக்டரை (உடைந்த துண்டின் துளைக்குள் இறுக்கித் திருப்பி எடுக்கும் கருவி) போட்டு முறுக்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது உள்ளே உடைந்தால், டிரில்லே இறங்காத கெட்டி எஃகு துளைக்குள் மாட்டிக்கொள்ளும். அதைவிட, படிப்படியாகப் பெரிய பிட் போட்டுப் போல்ட்டை முழுதும் குடைந்தெடுத்து, துளையைச் சற்றே பெரிதாக்கி, கம்பிச்சுருள் மரை போடுவது மேல். எஃகுச் சுருள் ஏறிய துளை பழைய அலுமினிய மரையைவிட உறுதியானது.

முகத்தைச் சுத்தம் செய்வது

கேஸ்கட் ஒட்டியிருந்த முகத்தை அவசரமாக முடித்தால் ஒரே மாதத்தில் கசிவு திரும்ப வரும். பழைய கேஸ்கட் துணுக்குகளை பிளாஸ்டிக் அல்லது பித்தளைச் சுரண்டியால் எடுங்கள். மிகப் பழைய எஞ்சின்களின் கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டி, துணுக்குகளை ஒரு பையில் கட்டிப் போடுங்கள். உலர்ந்த நிலையில் கிரைண்டரோ கம்பி பிரஷ்ஷோ அதன் பக்கம் போகக் கூடாது.

ஒரு நேரான ஸ்கேலை முகத்தின் குறுக்கே வைத்து, அடியில் 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் முகம் கோணல். புதிய சைலன்சரின் முகத்தையும் பாருங்கள், புதியதும் கோணலாக வருவதுண்டு. அதைக் கண்ணாடித் துண்டின் மேல் விரித்த உப்புத்தாளில் எட்டுப் போட்டுத் தேய்த்தால் சமமாகிவிடும். எஞ்சின் வாய்க்குள் கிடக்கும் துரு, கரியைக் காந்தத்தாலும் வேக்குவத்தாலும் எடுங்கள், கரி காந்தத்தில் ஒட்டாது. காற்று அடிக்க வேண்டாம், அது உள்ளே தள்ளிவிடும். துளைகளுக்குள் சரியான அளவு டேப்பை (மரை வெட்டும் கருவி) விரலாலேயே ஓட்டி மரையைச் சுத்தம் செய்யுங்கள்.

மாட்டுவது

போல்ட் மரையில் செம்பு அல்லது நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவுங்கள். அடுத்த முறை கழற்றப் போகிறவருக்கு, அது நீங்களாகவே இருக்கலாம், இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. சாதாரண கிரீஸ் இந்தச் சூட்டில் எரிந்து கரியாகிவிடும். சாதாரண திரெட் லாக்கர் பசையும் சுமார் 150 டிகிரிக்கு மேல் பிடியை விட்டுவிடும். நைலான் வளையம் உள்ள நட்டும் இங்கே உதவாது. அதனால்தான் இந்த இடத்துக்குத் தகட்டை மடக்கிப் பூட்டும் பழைய முறையே இன்றும் இருக்கிறது.

கேஸ்கட், சைலன்சர், லாக் தகடு என்று வரிசையாக வைத்து, இரண்டு போல்ட்டையும் விரலாலேயே ஐந்தாறு சுற்று ஏற்றுங்கள். விரலுக்கு ஏறவில்லை என்றால் ஸ்பேனருக்கும் ஏறக் கூடாது. கழற்றி மறுபடி பாருங்கள். பிறகு மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கேஸ்கட் ஒரு பக்கம் நசுங்கும். எஞ்சினின் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு) அளவே முதன்மை. அது கிடைக்காவிட்டால், அலுமினியத்தில் எம்6 போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், எம்8-க்கும் 5/16-க்கும் 20-க்கு மிகாமல். பேஸ்ட் தடவியிருந்தால் அதிலும் கால்பங்கு குறையுங்கள். வழுக்கும் மரை அதே முறுக்கில் அதிகம் இழுபடும்.

திருகும் வகைக்கும் இதேதான்: பேஸ்ட், கையால் ஏற்றுதல், புகை வாய் சரியான திசைக்கு வந்ததும் பூட்டு வளையத்தை இறுக்குதல். ஓட்டுகிறவர் மேலும், டேங்க் மேலும், டயர் மேலும் புகை படக் கூடாது. திசை சரியாக வரவில்லை என்று எல்போவும் நீளக் குழாயும் சேர்த்து ஒட்டுப் போடாதீர்கள். ஒற்றை சிலிண்டரின் அதிர்வில் அந்த நீளம் நெம்புகோலாக ஆடி, எஞ்சினின் வாயையே விரிசல் விடவைக்கும். பழையதில் தீப்பொறி தடுக்கும் வலை இருந்திருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும், காய்ந்த புல்லில் ஓட்டும் வண்டிக்கு அது அலங்காரம் இல்லை.

முதல் ஓட்டம்

வெளிக்கூட்டை இன்னும் மாட்ட வேண்டாம். பிளக்கையும் ஒயரையும் போட்டு, டேங்கை அதன் இடத்தில் பொருத்தி, பெட்ரோல் ஊற்றி, சிந்தியதைத் துடைத்து, திறந்த வெளியில் கிளப்புங்கள். கொட்டகைக்குள் ‘ஒரு நிமிடம்தானே’ என்று ஓட்டுவது வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முதல் சில நிமிடம் புதிய சைலன்சர் புகையும். பெயின்ட்டும் கை பட்ட ஆயிலும் எரிகிற புகை அது, தானே நின்றுவிடும்.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இணைப்பில் ‘டிக் டிக்’ என்று கேட்டால் கசிவு. நீளமான குச்சி நுனியில் கட்டிய மெல்லிய நூலை இணைப்பைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோனால், கசியும் இடத்தில் நூல் துடிக்கும்.

பத்து நிமிடம் ஓட்டி, வேகத்தைக் குறைத்துச் சில விநாடி விட்டு அணையுங்கள். முழுவதும் ஆறட்டும். கேஸ்கட் அந்த முதல் சூட்டில் அமுங்கியிருக்கும், போல்ட் கொஞ்சம் இளகியிருக்கும். பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, டார்க் ரிஞ்சை அதே அளவில் வைத்து ஒரு தரம் பாருங்கள். எனக்கு அநேகமாக ஒவ்வொரு முறையும் எட்டில் ஒரு சுற்று உள்ளே போகும். அதற்கு அப்புறம்தான் லாக் தகட்டின் காதை இடுக்கியால் தூக்கி, போல்ட் தலையின் தட்டையான பக்கத்தில் ஒட்ட மடக்கி, சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, வெளிக்கூட்டை மாட்டுவேன்.